நாலு தகரமும் ஒரு கோழிக்கூடும்

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் 5ஆம் வகுப்புக் கட்டடம் மூன்று வருஷமாக ஒழுகியது. போன வருஷம் ஜனவரியில் அதிபர் கட்டடக் கோப்பை என் மேசையில் வைத்து, "சேர், நீங்கதான் பொறுமையான ஆள்" என்றார்.

கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்வி அலுவலகம், கடிதங்கள் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. டீ.ஓ. (தொழினுட்ப உத்தியோகத்தர்) வரத்தான் நாலு மாதம். வந்தவர் முழுக் கூரையையும் மாற்ற 7 இலட்சத்துக்கு மேல் மதிப்பீடு எழுதினார். அது மாகாணத்துக்குப் போய் இன்னும் வரிசையில் நிற்கிறது.

ஜூன் மழையில் காவலாளி அண்ணன் ஏணி வைத்து ஏறியபோதுதான் விஷயமே தெரிந்தது. கூரைத் தண்ணீர் வடியும் பீலி முழுக்க சவுக்கு இலை, அதன்மேல் ஒரு சாண் புல். போக வழியில்லாத தண்ணீர் திரும்பித் தகரத்துக்கு அடியால் சுவரில் இறங்கியிருக்கிறது. உக்கிப்போனது ஓரத்து நாலு தகரம் மட்டும். வருஷா வருஷம் ஏப்ரலில் ஒருவர் பீலியை வழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சரி, சின்ன வேலைதானே என்று வலயத்தின் பராமரிப்புக் காசு கேட்டுப் போனேன். மூன்று விலைமனு வேண்டும், கொண்டுபோனேன். "நீங்க கேட்ட கடிதம் 12ஆம் திகதி, கடைக்காரர் தந்தது 10ஆம் திகதி. கேட்க முந்தி எப்படிக் கொடுத்தாரு?" என்றார் எழுதுவினைஞர். நியாயம்தான். திருத்தி, திரும்பவும் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போனால், ஒரு கடைக்கு வியாபாரப் பதிவு இலக்கம் இல்லையாம். அதே தாள், அதே மனிதர், முதல் நாளே சொல்லியிருக்கலாம்! கவுண்டரை விட்டு நகருமுன் "வேற குறை ஏதும் இருக்கா?" என்று கேட்டு, அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அனுமதி வந்தது நவம்பரில். ஒதுக்கிய காசு டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்பதால், அந்த மாதம் எல்லாப் பாடசாலைகளும் கூரை வேலை செய்யும் ஒரே பாஸின் பின்னால்தான் ஓடும். நாங்கள் அவரை ஜூலையிலேயே பேசி வைத்திருந்தோம், அது ஒன்றுதான் நான் செய்த புத்தியான காரியம். இரண்டு நாளில் வேலை முடிந்தது, ஒழுக்கும் நின்றது.

அப்புறம்தான் கணக்காய்வு ஐயவினா: "கழற்றிய தகரம் 4 எங்கே?" உக்கினாலும் அது அரச சொத்து. பொருள் கணக்கெடுப்புச் சபை பார்த்துக் கழித்துவிடும் வரை வைத்திருக்க வேண்டும். நானோ, கேட்டாரே என்று தோட்டத்து லயன் வீட்டு அக்கா ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால் கோழிக்கூட்டுக் கூரை.

"ஐயோ சேர், இப்பதான் கோழி முட்டை போட ஆரம்பிச்சிருக்கு!"

என் காசில் புதுத் தகரம் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பழையதைச் சுமந்து வந்தோம். நாலும் இப்போது களஞ்சிய அறையில், வெள்ளைப் பெயின்ரில் இலக்கம் போட்டு நிற்கின்றன. ஒன்றில் எச்சம் மட்டும் இன்னும் போகவில்லை.