குனிந்து பார்த்து வாங்க வேண்டிய கார்: மெர்சிடிஸ் டபிள்யூ124

முப்பது வருஷம் ஓடிய சொகுசுக் காரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். டபிள்யூ124 பார்க்கப் போனால் முதலில் தரையில் படுக்க வேண்டும். எஞ்சின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன் எதில் கோளாறு இருந்தாலும் உதிரி பாகம் வாங்கிச் சரி செய்துகொள்ளலாம். அடித்தகரம் துருவேறிப் போயிருந்தால் வெல்டிங், டிங்கரிங், பெயின்ட் என்று காரின் விலையையே அது விழுங்கிவிடும். இந்தக் கட்டுரையில் துருவுக்கு மற்றதைவிட அதிக இடம் இருப்பது அதனால்தான்.

முதலில் எந்த வருஷத்து வண்டி என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். செடான் 1984 கடைசியில் வந்தது, 1995 வரை உற்பத்தியில் இருந்தது. 1989இல் கதவுகளின் கீழ்ப்பாதியை மூடும் பிளாஸ்டிக் பட்டைகள் சேர்ந்தன. 1993இல் கிரில் பானெட்டோடு ஒட்டிக்கொண்டது, எழுத்தும் எண்ணும் இடம் மாறின: 300இ என்றிருந்த எழுதுமுறை இ320 என்றானது. புதிய முகம்தான் பலருக்கும் பிடிக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வருஷத்து வண்டிகளில்தான் துருவும் வயரிங் தொல்லையும் அதிகம். என்னைக் கேட்டால், 1989 முதல் 1992 வரை வந்த, எம்103 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின் உள்ள வண்டிதான் தொல்லை குறைந்தது. வேகம் வேண்டுமென்றால் எம்104 எஞ்சின். 500இ போன்ற வி8 வண்டிகளுக்குத் தனிக் கணக்கு. அதை இங்கே எடுக்கவில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே சேஸி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டபிள்யூ.டி.பி. என்ற எழுத்துகளுக்குப் பின் 124 வரும். அடுத்த மூன்று இலக்கம் மாடலைச் சொல்லும்: 030 என்றால் 300இ, 032 என்றால் இ320, 036 என்றால் 500இ. ஐரோப்பியச் சந்தை எண்ணில் அதற்கடுத்த இலக்கம் 1 என்றால் இடப்பக்க ஸ்டீயரிங், 2 என்றால் வலப்பக்கம். டிக்கியில் இ320 என்று எழுத்து ஒட்டியிருக்கும், எண்ணோ வேறு கதை சொல்லும். எழுத்தைக் கழற்றி ஒட்ட ஐந்து நிமிஷம் போதும். சேஸி எண் பானெட்டுக்குள், கண்ணாடிக்குக் கீழே உள்ள தடுப்புத் தகரத்தில் பொறித்திருக்கும். ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குத் தகரத்தில் ஒரு சின்னப் பட்டயம், அதில் பெயின்ட் எண். 040 என்றால் கறுப்பு, 147 என்றால் ஆர்க்டிக் வெள்ளை, 744 என்றால் வெள்ளி. பட்டயத்தில் 744 இருந்து வண்டி கறுப்பாக இருந்தால், மறு பெயின்ட் ஏன் என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். எஞ்சின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 3.0 எம்103 எஞ்சின் எண் 103.98 என்று தொடங்கும், 2.6 என்றால் 103.94. பதிவுச் சான்றில் உள்ள எண்ணோடு இது பொருந்தாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இனி துரு. 1989க்குப் பிந்தைய வண்டியில் பக்கவாட்டுப் பட்டையின் அடியோரம் சதுரமாக நான்கு சிறு மூடிகள் இருக்கும், பக்கத்துக்கு இரண்டு. ஜாக்கியின் கை நுழையும் குழாய்க்கான வாசல் அது. மூடியை விரலாலோ தட்டையான பிளாஸ்டிக் துண்டாலோ நெம்பி எடுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயைச் சுற்றிக் கறுப்பாகத் துரு தடுக்கும் மெழுகு படிந்திருந்தால் நல்லது. செதில் செதிலாகப் பழுப்புத் தூள் கொட்டினால், பட்டைக்குப் பின்னால் ஒரு கையகலத் தகரம் ஏற்கெனவே போயிருக்கும். வெளியிலிருந்து இது தெரியவே தெரியாது. பட்டை அவ்வளவு அழகாக மறைத்துவிடும். விற்பவர் மூடியை எடுக்க விடவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து பார்க்க வேண்டிய இடங்கள்: முன் ஃபெண்டரின் பின் கீழ் முனை, கதவுகளின் அடி விளிம்பு, பின் சக்கர வளைவு, பின் கண்ணாடியின் கீழ் ரப்பரோரம், பேட்டரி தட்டு. டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் கை வையுங்கள். ஈரம் இருந்தால் பின் விளக்கு ரப்பரோ கண்ணாடி ரப்பரோ ஒழுகுகிறது. சன்ரூஃப் உள்ள வண்டியில் முன்னிருக்கைக் காலடி விரிப்பையும் அழுத்திப் பாருங்கள். வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும். மேல் துணி காய்ந்திருந்தாலும் அடியிலுள்ள பஞ்சு மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஃபெண்டரிலும் சக்கர வளைவிலும் நகர்த்திப் பார்த்தால் பட்டி போட்ட இடத்தில் பிடி விடும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கேட்க வேண்டும். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், இல்லை சொன்னது காதில் ஏறவில்லை. பானெட்டை நேர் செங்குத்தாக 90 டிகிரி நிமிர்த்தி நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால்தான் பின் சிலிண்டர் வரை தெரியும்.

எம்103இல் ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை ஒரு முறை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் புகைந்தால் வால்வு கைடும் சந்தேகம். ஐடிலிங் ஏறி இறங்கி ஊசலாடுகிறது, கூடவே ஏ.பி.எஸ். விளக்கும் எரிகிறது என்றால், விலை உயர்ந்த பழுது என்று பயப்படும் முன் ஓ.வி.பி. ரிலேயை, அதாவது மின்னழுத்தம் மிகாமல் காக்கும் ரிலேயைப் பாருங்கள். பேட்டரிக்குப் பின்புறத் தடுப்பை எடுத்தால் தலையில் ஃப்யூஸ் உள்ள சிறிய பெட்டி தெரியும். ஃப்யூஸ் நன்றாக இருந்தும் உள்ளே சால்டர் விரிந்திருக்கலாம். ஏ.பி.எஸ்.ஸுக்கும், எரிபொருளைப் பீய்ச்சும் கே.இ. ஜெட்ரானிக் அமைப்பின் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் அது வழியாகத்தான் போகிறது. ஒரே ரிலே இரண்டு நோயைக் காட்டுவது அதனால்தான். இன்னொரு சின்னக் காரணம் ஸ்பார்க் பிளக். இந்த எஞ்சினுக்கு ரெசிஸ்டர் இல்லாத காப்பர் பிளக் வேண்டும், இடைவெளி 0.8 மி.மீ. பிளாட்டினம்தான் உயர்ந்தது என்று போட்டுவிட்டு, எஞ்சின் குலுங்குகிறது என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் வண்டிகள் உண்டு. வாங்குபவருக்கு அது நல்ல வாய்ப்பு.

எம்104இல் பார்க்க வேண்டியது இரண்டு இடம். முதலாவது எண்ணெய்க் கசிவு. ஹெட் கேஸ்கெட் பின் மூலையில் எண்ணெய் கசிந்து பிளாக் வழியாக இறங்கியிருக்கும். முன்னால் டைமிங் கவரின் மேல் சீலும் கசியும்; இது சாதாரண வேலை. கூலன்ட் தொட்டியின் மூடியை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும், திறந்து எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் ஹெட்டை இறக்கும் செலவை விலையிலிருந்து கழித்தாக வேண்டும்.

இரண்டாவது இடம் வயரிங். ஏறத்தாழ 1992 முதல் 1995 வரை வந்த எம்104, எம்111, எம்119 எஞ்சின்களின் வயர் உறை சூட்டில் காய்ந்து உதிரும். ஒரு சென்சார் கனெக்டருக்குப் பின்னால் கறுப்பு வெளியுறையை ஒரு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, உள் வயரை மெல்ல வளையுங்கள். நல்ல வயர் வளையும். கெட்டது பழைய அப்பளம் மாதிரி நொறுங்கிச் செம்புக் கம்பியைக் காட்டும். அந்த நிலையில் வண்டி மிஸ்ஃபயர் ஆவதோடு நிற்காது. கம்பிகள் உரசி கம்ப்யூட்டரையும் கெடுக்கும். எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்கு உள்ளேயும் அதே வயர்தான், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ‘ஹார்னஸ் (வயர்க் கட்டு) மாற்றியாச்சு’ என்றால் அதில் கட்டியிருக்கும் லேபிளின் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். 1996க்குப் பிந்தைய தேதி என்றால் நம்பலாம்.

டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்த முள் 0 முதல் 3 பார் வரை போகும். நன்றாகச் சூடான எஞ்சினில், ஐடிலிங்கில் 0.3க்குக் கீழே இறங்கக் கூடாது. லேசாக மிதித்ததும் 3இல் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெப்ப முள் 80க்கும் 100க்கும் நடுவே நிற்பது இயல்பு. நெரிசலில் 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் விஸ்கஸ் ஃபேனோ ரேடியேட்டரோ வேலை செய்யவில்லை.

ஆட்டோமேட்டிக் கியரில், மெதுவாகக் கிளம்பினால் இந்த நான்கு கியர் பெட்டி இரண்டாவதிலிருந்தே புறப்படும். அது பழுதில்லை, தெரியாமல் இதைச் சொல்லி விலை குறைக்கப் போனால் விற்பவர் சிரிப்பார். ரிவர்ஸில் போட்டதும் ஒன்றிரண்டு நொடிக்குள் பிடிக்க வேண்டும். கியர் மாறும்போது பின்னால் யாரோ இடித்தது போல உதைத்தால் வேக்குவம் (வெற்றிட) குழாய், அல்லது அதன் மூலம் கியர் மாறும் அழுத்தத்தைச் சரிசெய்யும் மாடுலேட்டர். மாடுலேட்டரின் உள்சவ்வு கிழிந்தால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் ஆயில் குறைகிறது, புகையும் வருகிறது என்றால் பெரும்பாலும் அதுதான். ஆயில் அளவைப் பார்ப்பது வண்டி சூடாகி, கியர் ‘பி’யில் (பார்க்) இருக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது. குச்சியில் குறைந்த கோட்டுக்கும் அதிகக் கோட்டுக்கும் வித்தியாசம் 0.3 லிட்டர்தான், ஆகவே தாராளமாக ஊற்றிவிடக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள். கியரை ‘டி’யில் (டிரைவ்) வைத்து பிரேக் பிடித்து நிற்கையில் இருக்கை அதிர்ந்தால் எஞ்சின் மவுண்ட். வேகம் எடுக்கும்போது தரையிலிருந்து துடிப்பு வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் தட்டு அல்லது நடு பேரிங். வண்டியை லிஃப்டில் ஏற்றினால் இரண்டும் கண்ணுக்கே தெரியும், ரப்பர் தட்டில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கும். பின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து கம்பிகள் பிடித்திருக்கின்றன. புஷ் போனால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும்.

ஏ.சி. குளிர்கிறதே என்று மகிழ வேண்டாம். உள்ளே காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் ஓட்டையானால் கேஸ் நிரப்பிய சில வாரம் குளிரும், பிறகு போய்விடும். விற்கும் முன் நிரப்பி வைப்பது பழைய வித்தை. அதை மாற்ற டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், பாகத்தைவிடக் கூலி அதிகம். கடைசியாக எப்போது கேஸ் நிரப்பினீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். ‘போன வாரம்தான்’ என்றால் எவாப்பரேட்டரையும் பேரத்தில் சேருங்கள்.

சென்ட்ரல் லாக்கும் வேக்குவத்தில் ஓடுகிறது. ஓட்டுநர் கதவைப் பூட்டினால் மற்றக் கதவுகள், டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாம் பூட்ட வேண்டும். பின்னிருக்கை அடியிலுள்ள பம்ப் நிற்காமல் உறுமினால் எங்கோ காற்றுக் கசிவு. ஒற்றை வைப்பரையும் ஓட்டிப் பாருங்கள், அது கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைப்பதற்காக உள்ளே போய் வெளியே வரும். தயங்கித் தயங்கி நகர்ந்தால் கியரில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. ஓடோமீட்டரை மட்டும் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்து எண் நின்றுபோகும், ஸ்பீடோமீட்டர் முள் வழக்கம்போல ஓடும். பிரேக் பெடல் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் வெளிமேடு, சர்வீஸ் புத்தக முத்திரைகள் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வாங்கியதும் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், கூலன்ட்டும், பிரேக் ஆயிலும், கியர் ஆயிலும் ஃபில்டரும் ஒரே நேரத்தில். கியர் ஆயில் மாற்றும்போது சம்ப்பை மட்டும் வடிக்கச் சொல்லிவிட்டால் பழைய ஆயிலில் கணிசமான பகுதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கும். கிராங்க்கைச் சுற்றினால் கன்வெர்ட்டரின் வடிகால் போல்ட் கீழே வரும், அதையும் திறக்க வேண்டும். சக்கர போல்ட்டை 110 நியூட்டன் மீட்டரில் முறுக்குங்கள். பிறகு அந்த நான்கு சதுர மூடிகளையும் எடுத்து, நீண்ட குழல் வைத்து மெழுகை உள்ளே பீய்ச்சிவிட்டு, மூடியைத் திரும்பப் போடுங்கள்.