ஐந்திணைப் பாடத்துக்கு ஹைப்பர்லிங்க் போட்ட அனுபவம்

பத்தாம் வகுப்புக்கு அகப்பொருள் இலக்கணம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் ஐந்து பத்தி பிரித்து, தெய்வம், உணவு, விலங்கு, பறவை என்று கட்டம் கட்டி எழுதிப் போடுவேன். பிள்ளைகளும் கட்டத்தை அப்படியே நோட்டில் ஏற்றிக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். போன ஆண்டு பவர்பாயிண்டில் செய்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். 22 ஸ்லைடு. குறிஞ்சியில் தொடங்கிப் பாலையில் முடியும்.

நெய்தல் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, முல்லையில என்ன விளையும்னு இன்னொரு தடவ காட்டுங்கய்யா" என்றாள். நல்ல கேள்வி. நெய்தலில் மீனும் உப்பும் வந்ததும் அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியிருக்கிறது. நான் பின்னோக்கிப் போகும் விசையைத் தட்டத் தட்ட, போட்டு வைத்திருந்த அனிமேஷன் எல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகீழாக ஓடியது. வரகுக்கும் சாமைக்கும் போய்ச் சேர்வதற்குள் வகுப்பின் கவனம் கலைந்துவிட்டது. கேட்டவளே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

சாயங்காலம் எங்கள் பள்ளிக் கணினி ஆசிரியரிடம் சொன்னேன். "லிங்க் போட்டுடுங்க சார், எங்கிருந்து வேணும்னாலும் எங்க வேணும்னாலும் போகலாம்" என்று கன்ட்ரோல், கே இரண்டையும் சேர்த்து அழுத்திக் காட்டினார். இன்செர்ட் மெனுவில் லிங்க் என்று இருப்பதும் இதேதான். திறக்கும் பெட்டியின் இடப்பக்கத்தில் 'பிளேஸ் இன் திஸ் டாக்குமெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், நம் ஸ்லைடுகள் வரிசையாக வரும். போக வேண்டியதைத் தொட்டு ஓகே கொடுத்தால் முடிந்தது.

எனக்கு அங்கேயே முதல் சிக்கல். பட்டியலில் ஸ்லைடு 4, ஸ்லைடு 5 என்று வெறும் எண்களாக நின்றன. எது மருதம், எது முல்லை என்று தெரியவில்லை. தலைப்புகளை எல்லாம் நான் தனி டெக்ஸ்ட் பாக்ஸில் அடித்திருந்தேன். தலைப்புக்கென்று ஸ்லைடிலேயே இருக்கும் இடத்தில் அடித்தால்தான் பட்டியலில் பெயர் வருமாம். 22 ஸ்லைடையும் 'டைட்டில் ஒன்லி' லேஅவுட்டுக்கு மாற்றி மறுபடி அடித்தேன். ஒரு ராத்திரி போனது, ஆனால் பிறகு வேலை எளிதாகிவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: ஸ்லைடை முன்னே பின்னே இடம் மாற்றினாலும் லிங்க் அதைவிட்டுப் போகாது. அந்த ஸ்லைடையே அழித்தால்தான் அறுந்துபோகும்.

முதல் ஸ்லைடில் மலை, காடு, வயல், கடல் நான்கும் ஒரே படமாக. ஒவ்வொரு நிலத்தின் மேலும் ஒரு கட்டம் வரைந்து, அதற்கு லிங்க் கொடுத்தேன். கட்டம் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று 'நோ ஃபில்' வைத்தேன். நடுவில் கிளிக் செய்தால் பிடிக்கவே இல்லை. ஏதாவது ஒரு நிறம் கொடுத்து, டிரான்ஸ்பரன்சியை 100 சதவீதம் ஆக்கியதும் சரியாயிற்று. எழுத்தில் லிங்க் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் போட்டால் நிறம் மாறி அடிக்கோடு விழும். என் பச்சைப் பின்னணியில் அந்த நீல எழுத்தைக் கடைசி பெஞ்சிலிருந்து படிக்க முடியவில்லை. எழுத்து இருக்கும் பெட்டியின் ஓரத்தைத் தொட்டு, பெட்டிக்கே லிங்க் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

குறி தப்பி வேறிடத்தில் கிளிக் பட்டால் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடுகிறது. பிள்ளைகளையே வந்து தொடச் சொல்ல நினைத்திருந்ததால் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும். 'செட் அப் ஸ்லைடு ஷோ'வில் கியோஸ்க் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தேன். அதன்பின் லிங்க் இருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கு தட்டினாலும் அசையாது. அதனால் ஒவ்வொரு ஸ்லைடிலும் வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் படத்துக்குத் திரும்பும் பொத்தானை, எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சாக இருக்கும் ஸ்லைடு மாஸ்டரில், அந்த 'டைட்டில் ஒன்லி' லேஅவுட்டில் ஒரே ஒரு முறை வைத்தேன். எல்லா ஸ்லைடிலும் வந்துவிட்டது. மருதத்தில் மட்டும் எருமைப் படம் அதன் மேல் படிந்து மறைத்திருந்தது. படத்தைச் சிறிதாக்கினேன்.

வேதாரண்யம் உப்பளத்தில் நானே கைப்பேசியில் எடுத்த காணொலியை நெய்தலுக்கு இணைத்திருந்தேன். வீட்டில் ஓடியது, பள்ளியில் ஓடவில்லை. லிங்க் என் வீட்டு மடிக்கணினியின் டி டிரைவைத் தேடிக்கொண்டிருந்தது. பென் டிரைவில் காணொலியையும் எடுத்துப்போனால் போதும் என்று நினைத்தது என் தவறு. காணொலியும் பாடமும் ஒரே ஃபோல்டரில் இருக்க, அதன் பிறகு லிங்க் போட்டு, ஃபோல்டரோடு எடுத்துப் போகவேண்டும். நான் கடைசியில் காணொலியை ஸ்லைடுக்குள்ளேயே சேர்த்துவிட்டேன்.

பாலைக்கு வருகிறேன். பழைய 22 ஸ்லைடில் பாலைக்கு மணல்மேடும் ஒட்டகமும் இருக்கும் படத்தைப் போட்டிருந்தேன். அது தார்ப் பாலைவனம், நம் பாலை அல்ல. நம் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து தன்மை திரிந்தால் அதுவே பாலை. வரிசையாகக் காட்டும்போது இதை வாயால்தான் சொல்ல முடிந்தது. இப்போது பாலையை முதல் படத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டு, குறிஞ்சி ஸ்லைடிலும் முல்லை ஸ்லைடிலும் ஆளுக்கொரு சூரியனை வைத்தேன். சூரியனைத் தொட்டால் பாலை. மருதத்திலும் நெய்தலிலும் சூரியன் இல்லை.

இரண்டு வழியாக உள்ளே வருவதால் திரும்பிப் போகும் வழியை ஒரே ஸ்லைடுக்குக் கட்டிவைக்க முடியாது. லிங்க் பெட்டியில் இதற்கு இடமில்லை. இன்செர்ட் மெனுவில் ஆக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் 'லாஸ்ட் ஸ்லைடு வியூடு' என்று தேர்ந்தெடுத்தால் எங்கிருந்து வந்தோமோ அங்கேயே கொண்டுபோய் விடும். அதற்கு ஒரு கருமேகப் படத்தை வைத்தேன்.

இந்த ஆண்டு வகுப்பில் ஒரு மாணவியை அழைத்தேன். முல்லைக்குப் போனாள், முயலையும் மானையும் பார்த்தாள், சூரியனைத் தொட்டாள். வலிமை இழந்த யானையோடு பாலை வந்தது. "முதல் படத்துல பாலையே இல்லையேய்யா, இது எங்கிருந்து வந்துச்சு?" என்றாள். நீதானே வந்தாய், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டேன். கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேகத்தைத் தொட்டாள். முல்லை வந்தது.

"மழை பெஞ்சிருச்சுய்யா" என்றாள்.