துள்ளக் கூடாத கச்சும் ஆட வேண்டிய மணிச்சரமும்

கெய்ரோவில் மேடை நடன உடை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் முதலில் கற்றுக்கொண்டது, உடையில் எது அசைய வேண்டும், எது அசையவே கூடாது என்பதைத் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்பே தீர்மானிப்பதுதான். எகிப்தியர்கள் ரக்ஸ் ஷர்க்கி என்றும் வெளியுலகத்தார் பெல்லி டான்ஸ் என்றும் சொல்லும் இந்த ஆட்டத்தில், மடியில் வைத்து மீட்டும் கானூன் என்ற இசைக்கருவியின் தந்திகள் அதிரும்போது இடுப்பு மட்டும் அதிரும், மார்பும் தோளும் அடங்கி நிற்கும். அந்தக் கட்டுப்பாட்டை உடை குலைத்துவிடக் கூடாது.

அதனால் ஆயத்த பிராவை அடித்தளமாக எடுத்துக்கொண்டாலும், அதன் எலாஸ்டிக் பட்டைகளை முழுவதும் வெட்டி நீக்கிவிடுவோம். அவை இருந்தால் ஒவ்வோர் அதிர்வுக்கும் கச்சு துள்ளும். அந்த இடத்தில் இழுபடாத கெட்டித் துணிப்பட்டையும் உலோகக் கொக்கிகளும் வரும். இடுப்புப் பட்டையை நேராக வெட்டினால் ஆட ஆட மேலே ஏறிவிடும் என்பதால், உள்ளே கேன்வாஸ் வைத்து, இடுப்பின் வளைவுக்கு ஏற்ப வெட்டுவோம். ஆட வேண்டியவை மணிச்சரங்கள் மட்டுமே. எல்லாச் சரங்களையும் ஒரே நூலில் கோத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஓரிடத்தில் அறுந்தாலும் கண்ணாடி மணிகள் மேடை முழுதும் சிதறி, வெறுங்காலுடன் ஆடுபவரின் பாதத்தைக் கிழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு சரத்துக்கும் தனி முடிச்சு.

பத்லா எனப்படும் இந்த இரண்டு துண்டு உடையைப் பலர் மிகப் பழையது என்று எண்ணுகிறார்கள். 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலியின் ஆணையால் கெய்ரோவிலிருந்து தெற்கே எஸ்னா போன்ற ஊர்களுக்கு விரட்டப்பட்ட, கவாஸி எனப்படும் தெரு ஆட்டக்காரிகளின் உடை வேறு: இறுகிய நீண்ட மேலங்கி, அகன்ற காற்சட்டை, இடுப்பில் சுற்றிய சால்வை. ஆட்டக்காரியான பதியா மசப்னி 1926இல் கெய்ரோவில் தம் கேளிக்கை அரங்கைத் திறந்த பிறகு, கல்யாண வீடுகளில் நெருங்கி உட்கார்ந்து பார்த்த ஆட்டம் பெரிய மேடைக்கும் மின்விளக்குக்கும் வந்தது. கடைசி வரிசைக்கும் இடுப்பின் அசைவு தெரிய வேண்டிய தேவையும், மேலைநாட்டு மேடைகளின் செல்வாக்கும் சேர்ந்துதான் பத்லாவை உருவாக்கின என்பது தையல்காரியாக என் எண்ணம். பின்னாளில் புகழ்பெற்ற ஆட்டக்காரிகளான தஹியா காரியோகாவும் சாமியா கமாலும் அந்த அரங்கில் வளர்ந்தவர்கள்.

அமெரிக்காவில் இந்தக் கலைக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். 1868இல் ஆங்கிலேய நடிகை லிடியா தாம்சனின் குழு நியூயார்க்கில் இறங்கியபோது பர்லெஸ்க் என்பது ஆண் வேடமிட்ட பெண்கள் நடத்திய கேலி நாடகம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் ‘கெய்ரோ வீதி’யில் காட்டப்பட்ட ஆட்டத்தைப் பின்னாளில் பர்லெஸ்க் அரங்குகள் நகலெடுத்தபோது, இடுப்பசைவை எடுத்துக்கொண்டு இசையை விட்டுவிட்டன. தாளத்தைக் காதால் பிடித்து உடலால் வாசிக்கும் கலைஞர்கள் மீது விழுந்த மலினமான பெயர் இன்னும் முழுதாக நீங்கவில்லை.

எகிப்திலும் 1950களில், நாசரின் ஆட்சிக் காலத்தில், வயிற்றை மறைக்க வேண்டும் என்ற விதி வந்தது. மெல்லிய வலைத்துணி உடையில் சேர்ந்தது அப்படித்தான். தைப்பதற்கு மிகக் கடினமான பகுதியும் இதுவே. தளர்ந்தால் சுருக்கம் விழும், இறுகினால் மூச்சு முட்டும். நிற்க வைத்து எடுக்கும் அளவு இதற்கு உதவாது. ஒரு பாட்டு முழுவதும் ஆடச் சொல்லி, வலை இழுபடும் இடங்களில் குண்டூசி குத்தி, அதன் பிறகே கடைசித் தையல் போடுவோம்.