கரோன் ஆறு எந்த நாட்டுத் தண்ணி?

கச்சான் காத்து எப்பிடியெண்டு திருகோணமலை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழையை மலைநாடு அந்தப் பக்கத்திலயே வாங்கி வச்சிட்டு, ஆனி ஆடியில எங்களுக்குக் காய்ஞ்ச காத்தைத்தான் அனுப்பும்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில 400 கிலோமீற்றருக்கு மேல நீளுற பிரெனீஸ் மலையிலயும் ஏறக்குறைய இதே கதைதான். வடக்க பிரான்ஸ் பக்கம் ஈரமும் பச்சையும், தெற்க ஸ்பெயின் பக்கம் பெரும்பாலும் வறட்சி.

1659 ஒப்பந்தத்தில மலைதான் எல்லை எண்டு ரெண்டு அரசும் முடிவெடுத்திச்சினம். ஆனா மலை அதுக்குச் சரிப்பட்டு வரேல்லை. அரான் பள்ளத்தாக்கு வடக்குப் பார்த்துச் சரியுது, ஆனா அது ஸ்பெயின். அங்க பிறக்கிற கரோன் ஆறு துலூஸ், போர்தோ எல்லாம் தாண்டி அத்திலாந்திக்கில விழுது.

இதில எனக்குப் பிடிச்சது ஸ்பெயின் பக்கத்து அனேத்தோ சிகரம். 3404 மீற்றர், பிரெனீசிலயே உயரம். எங்கட பிதுருதலாகல 2524 தான். அனேத்தோவில உருகிற பனித்தண்ணி ஒரு பெரிய குழிக்குள்ள விழுந்து காணாமல் போகும். தெற்காலதான் வெளிய வரவேணும் எண்டு ஆரும் நினைப்பினம். 1931 இல நோர்பேர் கஸ்தெரே எண்ட குகை ஆய்வாளர் அதுக்குள்ள சாயத்தைக் கொட்டினார். சாயம் மலைக்கு அடியால போக, கரோனில சேருற அரான் பக்கத்து ஊற்று பச்சையா ஓடிச்சுது! ஸ்பெயின் பக்கத்துப் பனி, பிரான்சின்ர ஆத்தில.

துலூசில இருக்கிற எங்கட மச்சானுக்கு இதெல்லாம் கணக்கில்லை. மலைக்கு நடுவில அண்டோரா எண்டு ஒரு குட்டி நாடும் இருக்கெல்லோ, வரி குறைஞ்ச சாமான் வாங்கத்தான் மலை ஏறுறவர்.