ஓவிய ஐயாவும் ஆத்தங்குடிக் கல்லும்

நம் பள்ளி ஓவிய ஆசிரியர், ஓவிய ஐயா, காலமான செய்தி வந்த அன்று, லண்டனில் இருக்கும் பழைய மாணவர்கள் எல்லாரும் எழுதியது ஒன்றைத்தான்: வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். வேறு விளக்கம் நமக்கு வேண்டாம்.

கணக்கு வாத்தியார் கேட்டால் எந்த பீரியடும் கைமாறும். ஐயா மட்டும் தன் வெள்ளிக்கிழமை ஓவிய பீரியடைக் கொடுத்ததே இல்லை. ஒருநாள் என்னை எழுப்பினார். "உங்க வீட்டு வளவுல என்ன கல்லுடா?"

"ஆத்தங்குடிக் கல்லு, ஐயா."

"யாரு செஞ்சது?"

விழித்தேன்.

"தேக்கு பர்மா, கண்ணாடி பெல்ஜியம்னு ஒப்பிக்கிறே. பக்கத்து ஊருக்காரன் பேரு தெரியலையா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. கூனிக் குறுகிப் போனேன்.

அடுத்த வாரமே எங்களை, செட்டிநாட்டு வீடுகளுக்குப் பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்கு பஸ் ஏற்றினார். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. வண்ண சிமெண்ட் குழம்பை அறை அறையாக ஊற்றி அச்சை மெல்லத் தூக்கினார் ஒரு பெரியவர். ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கவில்லை. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். சூளையே கிடையாது, கண்ணாடியில் படிந்த கல்லின் மேல்முகம்தான் அந்தப் பளபளப்பு.

அங்கே நின்றபடிதான் ஐயா இங்கிலாந்து வடிவமைப்புக் கலைஞர் வில்லியம் மோரிஸைப் பற்றிச் சொன்னார். கல்வியும் சுதந்திரமும் சிலருக்கு மட்டும் என்றால் எப்படி ஏற்க முடியாதோ, கலையும் அப்படித்தான் என்று 1877இல் லண்டனில் பேசியவர். கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, கண்டிக் கைவினைஞர்களைப் பற்றிய தன் நூலை 1908இல் மோரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார். ஜப்பானில் யானகி சோயெட்சு என்ற கலைச் சிந்தனையாளர், பெயர் தெரியாத குயவர்களின் கிண்ணங்களைக் கொண்டாடினார். 1924இல் சியோலில் கொரிய மக்கள் கலைக்கு அருங்காட்சியகமும் திறந்தார். ஆனால் அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது.

"நல்ல எண்ணமும் ஆள வந்தவன் கப்பல்லதான்டா வருது. வாங்கிக்க. ஆனா கப்பல் யாருதுன்னும் பார்த்துக்க" என்றார் ஐயா. இதைவிடத் தெளிவாக இங்கே எந்தப் பேராசிரியரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மோரிஸ் இளமையில் வாழ்ந்த வால்தம்ஸ்டோ வீடு இப்போது அருங்காட்சியகம். டிக்கெட் போடுகிறேன், வாருங்கள் ஐயா என்று போனில் கெஞ்சினேன். "நீ இங்க வா. பட்டறைக்காரங்க பேரை எழுதி வை, அது போதும்" என்றார். வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஊரை விட்டு வந்ததில் எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

வரும் பொங்கலுக்குப் போகிறேன். பட்டறை பட்டறையாகப் பெயர் கேட்டு எழுத வேண்டும். கூட வருகிறவர்கள் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள்.