பத்துக்கு எத்தனை?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்களுக்கு கவுன்சலிங் கொடுப்பது என் வேலை. அறைக்குள் வரும்போதே பலருக்கு லேசான கோபம் இருக்கும். "எனக்கு மனசுல ஒண்ணும் கோளாறு இல்லையே, உங்களை எதுக்குப் பார்க்கச் சொன்னாங்க?" நியாயமான கேள்விதான். இன்னும் சிலர் இதைப் பரீட்சை என்றே நினைத்துவிடுகிறார்கள். நான் பாஸ் போட்டால்தான் ஆபரேஷன் என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் வரும். "ராத்திரி எழுந்து ஏதாவது சாப்பிடுவீங்களா?" "இல்லவே இல்ல மேடம்."

நான் அதைக் கிளறுவதில்லை. என் கவலையெல்லாம் ஆபரேஷனுக்குப் பிந்தைய இரண்டாம் வருடத்தைப் பற்றியது.

ஸ்லீவ் என்ற அறுவை முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால் முதல் சில மாதங்கள் பசியே தெரியாது, எடை தானாக இறங்கும். அந்த மாதங்களில் எந்த ஆலோசகரும் கெட்டிக்காரராகத்தான் தெரிவார்! ஒன்றரை வருடம் போல ஆனதும் எடை ஓரிடத்தில் நின்றுவிடும், பசியும் கொஞ்சம் தலைகாட்டும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாதுதான். ஆனால் நாள் முழுக்கக் கொறிக்க முடியும். ஐஸ்கிரீமும் சிப்ஸும் சிரமமில்லாமல் உள்ளே போய்விடும், புரதம் உள்ள கெட்டியான உணவுதான் அடைத்துக்கொள்ளும். இதைக் கத்தியால் சரிசெய்ய முடியாது.

அந்த நேரத்தில் அறிவுரை சொன்னால் எடுபடாது என்பது என் அனுபவம். எதைச் சாப்பிடக் கூடாது என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எத்தனை டயட் பார்த்தவர்கள்! உளவியலாளர்கள் வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த, மாறுவதற்கான காரணத்தை அவரவர் வாயாலேயே சொல்லவைக்கும் ஊக்க நேர்காணல் முறையில் ஒரு கேள்வி உண்டு. நான் அதிகம் நம்புவது அதைத்தான். "சாப்பிட்டதை எழுதிவைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

"ஒரு 4."

ஏன் 8 இல்லை என்று கேட்கத்தான் நாக்கு துடிக்கும். கேட்டால் போச்சு. நேரமில்லை, மறந்துவிடுகிறது என்று காரணங்களை அடுக்கி, எழுதாமல் இருப்பதற்கு அவரே வக்கீலாகிவிடுவார். அதனால் திருப்பிக் கேட்பேன். "4 போட்டிருக்கீங்களே, ஏன் 1 போடல?" கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம், "எழுதின வாரம் மட்டும் சாயங்காலம் கொறிக்கிறது குறைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்பார். இதையே நான் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். தன் வாயால் சொன்னதை மறுப்பது கஷ்டம். நடுவில் வருகிற அந்த மௌனத்தை நாம் பேசி நிரப்பிவிடக் கூடாது, அவ்வளவுதான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

டைரியில் கலோரிக் கணக்கை விட இன்னொரு பத்திதான் எனக்கு வேண்டும்: சாப்பிடுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது? ஒரு வாரம் எழுதினாலே ஏதாவது தட்டுப்படும். பசித்துச் சாப்பிட்டது எது, சலிப்பில் சாப்பிட்டது எது, சண்டை போட்டுவிட்டு நின்றுகொண்டே விழுங்கியது எது என்று.

அது பிடிபட்டதும் திட்டம் போடலாம். "இனிமே குறைச்சுக்கறேன்" என்பதை நான் திட்டமாக ஏற்பதில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' வகைதான் வேண்டும். "டிவியை அணைச்சதும் சமையலறைப் பக்கம் போகாம நேரா பல் தேய்க்கப் போவேன்." கேட்கச் சில்லறையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிமிடத்தில் யோசிக்கிற வேலை மிச்சம்.

மெதுவாக மெல்வது, ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்வது, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் தண்ணீரைத் தள்ளிப்போடுவது எல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே பழக வேண்டியவை. டயட்டீஷியன் விரிவாகச் சொல்வார்.

மதுவைப் பற்றி மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவேன். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு மது சட்டென்று ரத்தத்தில் ஏறுகிறது. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சைக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதம் பேருக்கு இருந்த குடிப்பிரச்சினை, சிகிச்சை முடிந்த இரண்டாம் வருடம் 9.6 சதவீதமானது. முதல் வருடத்தில் அப்படி ஏறவில்லை. மறுபடியும் அதே இரண்டாம் வருடம்.

எடை சில கிலோ திரும்புவது பலருக்கும் நடப்பதுதான். ஆனால் அவர்கள் மனதில் ஓடுவது வேறு: "இதுலயும் தோத்துட்டேன்." வெட்கத்தில் ஃபாலோ-அப் வருவதையே நிறுத்திவிடுவார்கள். உதவி அதிகம் தேவைப்படுகிறவர்தான் முதலில் காணாமல் போகிறார். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வேன். எத்தனை கிலோ ஏறினால் எனக்கு போன் செய்வது, வீட்டில் யார் அதை ஞாபகப்படுத்துவது என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்வேன்.

அப்படி வந்தவரை முதலில் எடை மெஷினில் ஏறச் சொல்வதில்லை. டைரி எங்கே என்றும் கேட்பதில்லை. "வராமலே இருந்திருக்கலாமே, எது உங்களை வரவெச்சுது?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசுகிறவரை காத்திருப்பேன்.