ரோமப் பேரரசைக் கி.பி. 69-இலிருந்து படியுங்கள்

ரோமப் பேரரசின் வரலாற்றை எங்கே தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது கி.பி. 69. பலரும் முதல் பேரரசரான அகஸ்டஸில் ஆரம்பித்து, கலிகுலா, நீரோ கதைகளில் லயித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 69-ஐப் படித்தால்தான் அந்தப் பேரரசில் இருந்த பெரிய ஓட்டை தெரியும்: அடுத்து ஆள வேண்டியவர் யார் என்பதற்கு அங்கே சட்டமே கிடையாது.

காரணம் அகஸ்டஸ். ரோமானியர்களுக்கு அரசன் என்றாலே ஆகாது. அரசனாக ஆகப் பார்க்கிறார் என்ற சந்தேகத்தில்தான் கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றார்கள். அதனால் கி.மு. 27-இல் அகஸ்டஸ், ஆட்சியை செனட் என்ற மேட்டுக்குடியினர் அவையிடமே திருப்பித் தந்துவிட்டதாக அறிவித்துவிட்டு, படைகளில் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்துக்கொண்டார். இல்லாத சிம்மாசனத்துக்கு வாரிசை எப்படிச் சட்டத்தில் எழுதுவது? தத்தெடுத்தும் மணம் முடித்தும் குடும்பத்துக்குள்ளேயே ஏறக்குறைய நூறு ஆண்டு சமாளித்தார்கள்.

68 ஜூனில் நீரோ தற்கொலை செய்துகொண்டதும் அந்தக் குடும்பம் முடிந்தது. ஸ்பெயினில் ஆளுநராக இருந்த முதியவர் கல்பா பேரரசரானார். ரோமுக்கு வெளியேயும் பேரரசரை உருவாக்கலாம் என்ற ரகசியம் அப்போது அம்பலமானதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பேரரசரின் மெய்க்காவல் படைக்குக் கல்பாவின் பெயரில் பெரும் பணம் வாக்களிக்கப்பட்டிருந்தது. வீரர்களை நான் தேர்ந்தெடுப்பேன், விலைக்கு வாங்க மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். இந்தக் கிழவரை எனக்கு மிகவும் பிடிக்கும். 69 ஜனவரி 15 அன்று ரோம் நகரின் மையச் சதுக்கமான ஃபோரத்தில், எல்லார் கண்முன்னேயும் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

அந்த மெய்க்காவல் படையின் ஆதரவோடு ஓத்தோ பேரரசராக வந்தார். அதற்குள் ரைன் நதிக்கரைப் படைகள் விட்டெலியஸைப் பேரரசராக்கியிருந்தன. ஏப்ரலில் தோற்ற ஓத்தோ தன்னையே குத்திக்கொண்டு இறந்தார். ஜூலையில் அலெக்சாந்திரியாவில் இருந்த படை, யூதேயாவில் போர் நடத்திக்கொண்டிருந்த வெஸ்பாசியனைப் பேரரசராக ஏற்று உறுதிமொழி எடுத்தது. டிசம்பரில் விட்டெலியஸைத் தெருவில் இழுத்துச் சென்று கொன்றார்கள். ஒரே ஆண்டு, நான்கு பேரரசர்கள்.

என் நோட்டில் ஒவ்வொரு பேரரசர் பெயருக்கும் எதிரே, அவரை உட்கார வைத்த படை எது என்று குறித்துவைப்பேன். அவர்கள் கட்டிய கட்டடங்களின் பட்டியலைவிட இது அதிகம் சொல்கிறது. 193-ஐப் பாருங்கள். அப்போதைய பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்ற மெய்க்காவலர்கள், தங்கள் முகாமில் பேரரசையே ஏலம் விட்டார்கள்! ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாகச் சொன்ன டிடியஸ் ஜூலியானஸ் பதவியைப் பிடித்தார். 66 நாளில் அவரும் கொல்லப்பட்டார். அப்புறம் டான்யூப் படைகளோடு வந்த செப்டிமியஸ் செவரஸ், வந்த வேகத்தில் அந்த மெய்க்காவல் படையைக் கலைத்துவிட்டு, தன் சொந்த வீரர்களை அந்த இடத்தில் நிறுத்தினார்.